லோடில் போன பாசிவ் வாய்ஸ்

ஒரு விடைத்தாளைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் நாற்பத்தாறு பேருக்கு மார்க் போட்டவன் நான். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் பாதி ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை நான் மட்டும் மூடி வைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பி.எட். முடித்த சூடு ஆறுவதற்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் வேலை கிடைத்துவிட்டது. ஆமத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வந்து படிக்கிற பள்ளிக்கூடம். நேர்முகத் தேர்வில் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். ஆங்கில இலக்கணத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ். அதை நடத்தினேன். தலைமை ஆசிரியை அசந்துபோய் அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார். (எனக்கு மற்றதும் தெரியும் என்று நினைத்துவிட்டார், பாவம்.)

தெரிந்த ஒன்றை விட்டுவிடக் கூடாது என்று ஒன்பதாம் வகுப்புக்குப் போய் மூன்று வாரம் அதையே நடத்தினேன். செய்தவரை முன்னால் நிறுத்தினால் ஆக்டிவ். செய்யப்பட்டதை முன்னால் தள்ளி, செய்தவரைக் கடைசியில் ஒரு 'பை' போட்டுக் கட்டினால் பாசிவ். செய்தவரைச் சொல்லாமலே விட்டாலும் வாக்கியம் நிற்கும், அதுதான் பாசிவின் அழகு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். உதாரணமெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. மாமா வெடி போட்டார். வெடி மாமாவால் போடப்பட்டது. லாரி பெட்டியை ஏற்றியது. பெட்டி லாரியால் ஏற்றப்பட்டது. மூன்றாவது வாரம் ஒரு பிள்ளை எழுந்து, "சார், தண்ணி என்னால குடிக்கப்பட வேண்டும்" என்று அனுமதி கேட்டது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இந்தச் சமயத்தில் தலைமை ஆசிரியை ஒரு அறிவிப்பு செய்தார். ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில வழி, தமிழ் வழி என்று இரண்டு பிரிவு. ஆங்கில வழிப் பிரிவில் கூட்டம் அதிகம். அதனால் அவர்களுக்கு ஐம்பது மார்க்குக்கு ஓர் ஆங்கில இலக்கணப் பரீட்சை. இருபத்தைந்துக்குக் கீழே எடுத்தால் தமிழ் வழிக்கு மாற்றம். வருஷம் முடிய அங்கேதான். தமிழ் வழியில் ஒரு குறையும் இல்லை, நானே அதில் படித்தவன். ஆனால் விரும்பிப் போவது வேறு, மார்க் போட்டுத் தள்ளிவிடுவது வேறு. கேள்வித்தாள் நான்தான் எடுத்தேன். ஐம்பது மார்க்குக்கும் ஆக்டிவ், பாசிவ்தான் என்று சொல்லவே வேண்டியதில்லை.

வியாழக்கிழமை பரீட்சை. சாயங்காலம் நாற்பத்தாறு விடைத்தாளையும் சணலில் கட்டி பஸ்ஸில் சிவகாசிக்குக் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை காலை மார்க் பட்டியல் கொடுக்க வேண்டும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. கதவுக்குப் பக்கத்தில் தரையில் கட்டை வைத்துவிட்டு நேராகத் தட்டுக்குப் போய்விட்டேன்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அப்பாவுக்குப் பழைய பேப்பர் வியாபாரம். வீட்டின் முன்பக்கம் பாதி குடோன்தான். பழைய நோட்டு, புஸ்தகம், அச்சாபீஸில் கழித்துக் கட்டியது எல்லாம் எங்களிடம் வரும். அதைத் தரம் பிரித்து, வெடிக்குக் குழாய் உருட்டுகிறவர்களுக்கு அனுப்புவோம். உருட்டுவது பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். தாளை வீட்டுக்கே வாங்கிப்போய், பசை தடவி வெறுங்குழாயாக உருட்டித் தருவார்கள். மருந்து அடைப்பதெல்லாம் அப்புறம் கம்பெனியில். இப்படிப்பட்ட வீட்டில் எது வியாபாரம், எது வீட்டுக் காகிதம் என்று குழப்பம் வரக்கூடாதென்று அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். தரையில் இருந்தால் லோடு. மேசை, அலமாரி, ஆணி என்று எதிலாவது மேலே இருந்தால் வீட்டுச் சாமான். அக்காவின் ஜாதகம் ஒரு தடவை காற்றில் பறந்து தரையில் விழுந்து, அச்சங்குளம் லோடில் போய்ச் சேர்ந்தது. ஜோசியரிடம் போய் மறுபடி எழுதி வாங்கினோம். இவ்வளவும் தெரிந்த வீட்டில் பிறந்து வளர்ந்த நான் விடைத்தாளைத் தரையில் வைத்தேன் என்றால் அந்தக் குழம்பின் வாசனையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளியும் சனியும் திருத்தவில்லை. அதுதான் ஞாயிறு இருக்கிறதே என்ற தைரியம். ஞாயிற்றுக்கிழமை காலை சிவப்பு மைப் பேனாவைத் திறந்துகொண்டு கட்டைத் தேடினால் கட்டைக் காணோம். அப்பா கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இங்கன ஒரு கட்டு இருந்துச்சே?"

"எங்கன?"

"கதவுப் பக்கம். கீழ."

"கீழயா?" என்று கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "கீழ இருந்தா ஏத்திருப்பாக. வெள்ளிக்கிழமை லோடு போயிருச்சுலே."

"அது பரீட்சை பேப்பர்ப்பா."

"பரீட்சை பேப்பரா? நல்ல கனமான தாளாச்சே" என்று வியாபாரி மூளையில் ஆரம்பித்தவர், நடுவில் நிறுத்திவிட்டார். முகம் மாறியது. "ஏலே, திருத்துனதா, திருத்தாததா?"

"திருத்தாதது."

அப்பா எட்டாவதோடு படிப்பை விட்டவர். வாத்தியார் என்றால் அவருக்குச் சாமிக்கு அடுத்த இடம். என்னைக்கூட வேலை கிடைத்த நாளிலிருந்து சில சமயம் மறந்துபோய் 'வாங்க' என்று கூப்பிட்டிருக்கிறார். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "காலைல போனதும் டீச்சரம்மாட்ட உள்ளதச் சொல்லிரு" என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன்.

அன்று மத்தியானம் வருகைப் பதிவேட்டு நகலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் வாழ்க்கையின் மிகப் பெரிய அயோக்கியத்தனத்தைச் செய்தேன். ஒவ்வொரு பெயராகப் பார்த்து, முகத்தை ஞாபகப்படுத்தி, முகத்துக்கு மார்க் போட்டேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்து நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் பிள்ளைக்கு நாற்பத்திரண்டு. இருமிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பரிதாபப்பட்டு முப்பது. தாளாளரின் அண்ணன் மகளுக்கு நாற்பத்தேழு. (ஐம்பது போட்டால் சந்தேகம் வருமே.) எல்லாரும் பாஸ் என்றால் நம்ப மாட்டார்கள் என்று நாலு பேரைப் பெயிலாக்க வேண்டியிருந்தது. அந்த நாலில் ஒருத்தி முத்துச்செல்வி. கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். நான் தொண்டை கிழியப் பாசிவ் நடத்தும்போது வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பதினாலு போட்டேன். போட்டுவிட்டு ஒரு டம்ளர் டீயும் குடித்தேன்.

திங்கட்கிழமை பட்டியலைக் கொடுத்தபோது தலைமை ஆசிரியை, "விடைத்தாள் எங்க சார்?" என்றார்.

"திருத்தப்பட்டு, கட்டப்பட்டு, பத்திரமா வைக்கப்பட்டிருக்கு மேடம்" என்றேன். பாசிவ் எனக்குக் கை கொடுத்த கடைசித் தடவை அதுதான். அவரும் தீபாவளி வெடி சீசன் சமயம், பிள்ளைகளுக்கு லீவு கேட்டு வந்த பெற்றோர் கூட்டத்தில் மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டார். மறுநாள் நாலு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்கள். மூன்று பேர் தங்கள் சிநேகிதர்கள் அங்கே இருந்ததால் சிரித்துக்கொண்டே போனார்கள். முத்துச்செல்வி மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தாள். அந்த மூன்று வாரத்தில் அவள் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

நான் தைரியமாகவே இருந்தேன். இன்னும் கொஞ்ச நாளில் தீபாவளி. என் நாற்பத்தாறு தடயங்களும் குழாயாகி, வெடியாகி, ஊர் ஊராகப் போய்ச் சிதறிவிடும். இப்படிப்பட்ட வசதி உலகத்தில் வேறெந்த ஊர் வாத்தியாருக்கும் கிடையாது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் போனது. ஒரு புதன்கிழமை இரண்டாவது பீரியடில் தலைமை ஆசிரியை கூப்பிட்டுவிட்டார். அவர் அறையில் ஓர் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். விரல் நகமெல்லாம் காய்ந்த பசை. மேசைமேல் ஒரு விடைத்தாள். ஒரு மூலையில் மட்டும் பசை தடவி, பாதியில் நிறுத்தியிருந்தது.

"இவுக பாண்டியம்மா. முத்துச்செல்வியோட அம்மா" என்றார் தலைமை ஆசிரியை. "ஆமத்தூர்ல குழாய் உருட்டுறவுக. இவுகளுக்கு உருட்டக் கொடுத்த கட்டுல இது இருந்துச்சாம். இது உங்க பரீட்சை பேப்பர்தானா சார்?"

"ஆமா மேடம்."

"திருத்தியாச்சுன்னு சொன்னீங்களே."

"திருத்தப்பட்டது மேடம்."

"எதால? பசையாலயா?"

பாண்டியம்மாள் எழுந்து நின்றுகொண்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "நா படிக்கல சார். இங்கிலீசும் தெரியாது. ஆனா எம்மக பேரு எழுதுனா எப்படி இருக்கும்னு தெரியும், அவ நோட்டு அம்புட்டு மேலயும் பாக்கேன்ல. பசைய வச்சுட்டேன், அப்புறந்தான் பேரப் பாத்தேன். அந்தால எடுத்து வச்சுக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். சிவப்பு மை ஒரு சொட்டு இல்ல. அப்ப அந்தப் பதினாலு எங்கன இருந்து வந்துச்சு? அதக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். தொலைக்கப்பட்டது, ஏற்றப்பட்டது, போடப்பட்டது என்று வரிசையாக வந்து தொண்டையில் நின்றது. செய்தவனைச் சொல்லாமல் ஒரு வாக்கியமாவது நிற்குமா என்று பார்த்தேன். அந்த அம்மா முகத்துக்கு முன்னால் ஒன்றும் நிற்கவில்லை.

"பேப்பரத் தரைல வச்சது நான் மேடம்" என்றேன். "தொலைஞ்சதச் சொல்லாம மறைச்சது நான். நாற்பத்தாறு பேருக்கும் மூஞ்சியப் பாத்து மார்க் போட்டதும் நான்தான். முத்துச்செல்வி ஜன்னலயே பாத்துட்டு இருந்தா, அதான் பதினாலு."

தலைமை ஆசிரியை இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். பாண்டியம்மாள்தான் முதலில் பேசினார். "அவ அப்படித்தான் சார். வீட்டுலயும் எம்மூஞ்சியப் பாக்க மாட்டா. கதவப் பாத்துக்கிட்டே கேப்பா. ஆனா சொன்னதுல ஒண்ணு விடமாட்டா. இங்கிலீசு மீடியத்துல சேத்துவிடுன்னு ரெண்டு மாசம் அழுதா. இந்தப் பத்து நாளா ஒழுங்காச் சோறு திங்கல."

அதைக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. வேலை போகுமே என்ற பயம் அதுவரை இருந்தது. அது போய், நான் செய்தது என்ன என்று முதல் தடவையாக உறைத்தது.

தலைமை ஆசிரியை தன் பேனாவைத் திறந்து, அந்தத் தாளை அங்கேயே அந்த அம்மா முன்னால் திருத்த ஆரம்பித்தார். ஒவ்வொரு விடையையும் சத்தமாக வாசித்துச் சரியோ தப்போ போட்டார். கடைசிக் கேள்வி, சொந்தமாக வாக்கியம் எழுதச் சொல்வது. அதை வாசிக்கும்போது கொஞ்சம் நிறுத்தினார். "மை மதர் ரோல்ஸ் தி டியூப்ஸ். தி டியூப்ஸ் ஆர் ரோல்டு பை மை மதர்."

"என்ன மேடம் எழுதியிருக்கா?"

"எங்க அம்மா குழாய் உருட்டுறாக. குழாய் எங்க அம்மாவால உருட்டப்படுதுன்னு எழுதியிருக்கா."

பாண்டியம்மாள் தாளை எட்டிப் பார்த்தார். "மெய்தான்" என்றார். பிறகு தன் விரலைப் பார்த்துக்கொண்டு, "இதயும் உருட்டத்தான் பாத்தேன்" என்றார்.

ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. முத்துச்செல்வி அன்று மத்தியானமே பழைய பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

எனக்கு மூன்று தண்டனை. முதலாவது, மிச்சத் தாள்களை எப்படியாவது கொண்டுவர வேண்டும். அப்பாவே லோடு ஆட்டோவில் ஏறி ஆமத்தூர்த் தெருத்தெருவாகப் போனார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாக்கோடு வந்து, தலைமை ஆசிரியை எவ்வளவு சொல்லியும் உட்காராமல் நின்றார். "பையன் மேல மட்டும் தப்பில்ல மேடம், ஏத்துனது நாங்க" என்றார். பதினோரு பேப்பர் தாளாகவே கிடைத்தது. இருபது பேப்பர் குழாயாகியிருந்தது. மற்றவை ஏதோ கம்பெனிக்குள் மருந்தோடு இருந்தன. ஆசிரியர்கள் ஓய்வறையில் ஒரு வாளி தண்ணீரை வைத்துக்கொண்டு நான் அந்தக் குழாய்களை ஊறப்போட்டுப் பிரித்தேன். தாள் கூழாகி, நீல மையெல்லாம் வாளிக்குள் இறங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் வாளியை எட்டிப் பார்த்து, "எல்லாருக்கும் ஒரே மார்க்தான் போல" என்றார்.

இரண்டாவது, வகுப்பில் என் வாயாலேயே சொல்ல வேண்டும். போய் நின்றேன். பழக்கதோஷம், "உங்க பேப்பர் தொலைக்கப்பட்டுவிட்டது" என்றுதான் வாயில் வந்தது. ஜன்னலைப் பார்த்தபடியே முத்துச்செல்வி கேட்டாள்: "யாரால சார்?"

சொன்னேன். வாத்தியார் தப்பு செய்வார் என்பதே பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. அவர்கள் சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாவது, மற்ற நாற்பத்தைந்து பேருக்கும் மறு பரீட்சை வைத்து, வகுப்பிலேயே, எல்லாரும் பார்க்கத் திருத்த வேண்டும். நான் பெயிலாக்கிய மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் பாஸ். தலையாட்டி முதல் பெஞ்ச் பதினாறு. தாளாளரின் அண்ணன் மகள் பன்னிரண்டு. தாளாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் தொலைச்சீங்க. இந்தப் பன்னிரண்டையும் தொலைச்சிருக்கக் கூடாதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். வேலை போகவில்லை. தலைமை ஆசிரியைதான் காப்பாற்றினார் என்று நினைக்கிறேன். இன்றுவரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அது இன்னும் ஓயவில்லை. அப்பா எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் என்னைப் பார்த்து, "ஏலே, இது திருத்துனதா, திருத்தாததா?" என்பார். கரண்ட் பில்லுக்கும் கேட்பார், காது குத்து அழைப்புக்கும் கேட்பார். என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது சம்பந்தி வீட்டார் முன்னாலேயே கேட்டார். அவர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டி வந்தது. பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது நான் சூலக்கரைப் பக்கம் வேறொரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். சேர்ந்த முதல் வருஷம், பெற்றோர் கூட்டத்தில், ஒரு தாய் மகனின் விடைத்தாளை வாங்கினார். மேலே போட்டிருந்த மொத்த மார்க்கைத் திரும்பியே பார்க்கவில்லை. விரலை எச்சில் தொட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு விடைக்கும் நேராக விரல் வைத்து ஏதோ எண்ணிக்கொண்டே போனார்.

"என்னம்மா பாக்கீக?"

"எல்லாத்துக்கும் மை இருக்கான்னு பாக்கேன் சார்."

"நீங்க எந்த ஊரு?"

"ஆமத்தூரு. எங்கூர்ல எல்லாரும் இப்படித்தான் பாப்பாக. முந்தி அங்கன பள்ளிக்கூடத்துல ஒரு சார் இருந்தாராம். பேப்பரயே பாக்காம எல்லாருக்கும் மார்க்கு போட்டுட்டாராம். கேட்டீகளா இந்த அநியாயத்த?"

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பாண்டியம்மாள் அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்ற விதம் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"அது நான்தாம்மா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எண்ணி முடித்திருந்த தாளைத் திருப்பி வைத்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார்.